விலைக்கும் வரவுக்கும் இடையே

கருவேப்பிலங்குறிச்சியில் வணிகவியல் பயிலும் அன்புள்ள இளையவருக்கு,



தேவையும் அளிப்பும் சந்திக்கும் புள்ளியே விலை என்று பாடநூல்கள் வரைந்து காட்டும் படத்தில், வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் தேடி அலைவதில்லை. பொருளின் தரத்தைப் பற்றி ஐயுறுவதில்லை. கொடுத்த சரக்குக்குப் பணம் வந்து சேருமா என்று கலங்குவதும் இல்லை. நடைமுறை வாணிகத்தில் இவை மூன்றும் அன்றாடம் உண்டு என்பதோடு, ஒவ்வொன்றையும் தீர்த்துக்கொள்ளப் பணமோ நேரமோ உழைப்போ செலவாகிறது. ஒரு பொருளை உண்டாக்க ஆகும் செலவை உற்பத்திச் செலவு என்று வழங்கும் பொருளியல், உண்டான பொருளின் உரிமையை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்ற ஆகும் செலவைப் பரிவர்த்தனைச் செலவு என்று வழங்குகிறது. வாங்குபவர் கொடுக்கும் தொகைக்கும் விற்பவர் கையில் இறுதியாக நிற்கும் வரவுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அளக்கத் தெரிந்தவருக்கே, ஒரு விற்பனைக்கூடம் ஏன் கட்டப்பட்டது, ஒரு சட்டம் ஏன் இயற்றப்பட்டது, பங்கு வர்த்தகச் செயலி ஏன் கட்டணமின்றிக் கைப்பேசியில் வந்து அமர்கிறது என்பன விளங்கத் தொடங்கும். விருத்தாசலம் வட்டாரத்தின் மணிலாக் குவியலிலும் பீங்கான் பட்டறையிலும் தொடங்கி, மும்பைப் பங்குச் சந்தை வரை அந்த இடைவெளி எவ்வாறு இயங்குகிறது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

பரிவர்த்தனைச் செலவை நான்கு கூறுகளாகப் பகுத்துக்கொள்வது கற்பவருக்கு எளிது. யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்று கண்டறிய ஆகும் செலவு தேடல் செலவு. சரக்கு சொன்ன தரத்தில் உள்ளதா, எடை சரியா என்று சோதித்தறிய ஆகும் செலவு தர அறிதல் செலவு. விலை பேசி, நிபந்தனைகளை ஒத்துக்கொண்டு, எழுத்தில் பதிய ஆகும் செலவு ஒப்பந்தச் செலவு. பேசியபடி சரக்கும் பணமும் கைமாறுவதை உறுதிசெய்யவும், மாறாவிட்டால் முறையிட்டு மீட்கவும் ஆகும் செலவு நிறைவேற்றச் செலவு. வண்டி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் கண்டிப்பான இலக்கணப்படி போக்குவரத்துச் செலவைச் சேர்ந்தவை. எனினும் விற்பவருடைய வரவிலிருந்து இவையும் சேர்ந்தே கழிவதால், சிறு வணிகத்தை ஆராயும்போது இரண்டையும் ஒருங்கே கணக்கில் கொள்வதே பொருத்தம்.

இச்செலவைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் ரொனால்டு கோஸ். 1910இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், சந்தையே எல்லாவற்றையும் சரியாக ஒருங்கிணைக்கிறது என்றால் நிறுவனங்கள் எதற்காக இருக்கின்றன என்ற எளிய கேள்வியை மாணவப் பருவத்திலேயே எழுப்பிக்கொண்டு, அதற்கான விடையை 1937இல், தம் 26ஆம் வயதில், நிறுவனத்தின் இயல்பு பற்றிய கட்டுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நாளும் சந்தையில் ஆள் தேடி, கூலி பேசி, ஒப்பந்தம் எழுதுவது செலவு மிக்கது. அச்செலவு ஒரு நிறுவனத்துக்குள் ஆட்களை அமர்த்தி நிர்வகிக்கும் செலவைவிட மிகும்போதுதான் நிறுவனம் பிறக்கிறது என்பதே அவர் கண்ட விடை. 1960இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையில், பரிவர்த்தனைச் செலவே இல்லாவிட்டால் தகராறில் உள்ள இரு தரப்பினரும் தாமே பேசிச் சிறந்த தீர்வுக்கு வந்துவிடுவர் என்றும், அச்செலவு எங்கும் இருப்பதால்தான் உரிமையை யாரிடம் சட்டம் வைக்கிறது என்பது இவ்வளவு முதன்மை பெறுகிறது என்றும் விளக்கினார். இளமையில் எழுந்த அந்தக் கேள்விக்கான நோபல் பரிசு 1991இல், அவருடைய 80ஆம் வயதில், வந்து சேர்ந்தது. இந்த வழியில் தொடர்ந்து ஆராய்ந்த டக்ளஸ் நார்த் 1993இலும், ஆலிவர் வில்லியம்சன் 2009இலும் அப்பரிசைப் பெற்றனர். அமெரிக்கத் தேசிய வருமானத்தில் பரிவர்த்தனை சார்ந்த பணிகளின் பங்கு 1870இல் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருந்து 1970இல் ஏறத்தாழப் பாதியாக உயர்ந்தது என்று நார்த்தும் ஜான் வாலிஸும் கணக்கிட்டுள்ளனர். வங்கி, காப்பீடு, வழக்குரைஞர் தொழில், கணக்குப் பதிவு, மொத்த வணிகம், சில்லறை வணிகம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

இனி விருத்தாசலம் வட்டாரத்துக்கு வரலாம். நிலக்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் இப்பகுதியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் அப்பயிரில் புதிய இரகங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. விளைச்சலைப் பெருக்கும் அறிவு இங்கு நீண்ட காலமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால், விளைச்சல் கூடிய அளவுக்கு உழவரின் வரவும் கூடுகிறதா என்பதை முடிவு செய்வது வயல் மட்டுமன்று. களத்துமேட்டிலிருந்து விற்பனைக்கூடம் வரையிலான வழியும் அதை முடிவு செய்கிறது. கருவேப்பிலங்குறிச்சிப் பகுதி உழவர் ஒருவருக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு: ஊருக்கே வந்து எடை போட்டுப் பணம் கொடுக்கும் வியாபாரியிடம் விற்பது ஒன்று, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் செல்வது மற்றொன்று.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். 80 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஊரில் 7,000 ரூபாயும் விற்பனைக்கூடத்தில் 7,400 ரூபாயும் கிடைப்பதாகவும், வண்டி வாடகை 1,500 ரூபாய், ஏற்று இறக்குக் கூலி மூட்டைக்கு 40 ரூபாய், ஒரு நாள் வேலையிழப்பு 600 ரூபாய் என்றும் கொள்ளலாம். பத்து மூட்டை உடையவருக்கு விலை வேறுபாட்டால் வருவது 4,000, செலவு 2,500, எனவே 1,500 ரூபாய் மிஞ்சுகிறது. மூன்று மூட்டை மட்டும் உடையவருக்கு விலை வேறுபாட்டால் வருவது 1,200, செலவோ 2,220, அவர் விற்பனைக்கூடத்துக்குச் சென்றால் 1,020 ரூபாய் இழக்கிறார். ஆகவே, ஊர் வியாபாரியிடம் குறைந்த விலைக்கு விற்கும் சிறு உழவரை விவரம் அறியாதவர் என்று கருதுவது தவறு. அவர் தம் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார். மூட்டை எத்தனையானாலும் மாறாத நிலைச் செலவு, சரக்கு குறையக் குறைய மூட்டை ஒன்றின் மேல் பெருஞ்சுமையாக ஏறுகிறது என்பதும், எனவே பரிவர்த்தனைச் செலவு எப்போதும் சிறியவரையே அதிகமாக அழுத்துகிறது என்பதும் இக்கணக்கின் பாடங்கள். அவரைப் போன்ற மூன்று மூட்டைக்காரர் நால்வர் ஒரே வண்டியில் பன்னிரண்டு மூட்டைகளை ஏற்றி, ஒருவரை மட்டும் உடன் அனுப்பினால், செலவு 2,580 ஆகவும் விலை வேறுபாட்டால் வரும் தொகை 4,800 ஆகவும் இருக்கும். மிஞ்சும் 2,220 ரூபாயை மூட்டைக்கு 185 ஆகப் பகிர்ந்துகொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பற்றிய நீண்ட விவாதங்களின் சாரம் இந்தச் சிறு கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்ற அமைப்பே பரிவர்த்தனைச் செலவைக் குறைக்கும் முயற்சியாகத்தான் தோன்றியது. பழைய மண்டி முறையில் தரகு, எடைக்கூலி, மகமை, மாதிரிக்கென அள்ளிக்கொள்ளும் சரக்கு எனப் பல பிடித்தங்கள் விற்பவரின் வரவிலிருந்து கழிந்தன. எடைக்கல்லையும் விலையையும் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. 1928இல் அறிக்கை அளித்த வேளாண்மைக்கான அரச ஆணையம் முறைப்படுத்தப்பட்ட சந்தைகளை வலியுறுத்தியதைத் தொடர்ந்து, 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் பருத்திக்காக அமைந்தது. இன்று தமிழ்நாட்டில் இக்கூடங்கள் 1987ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. கடலூர் விற்பனைக் குழுவின் கீழ் உள்ள விருத்தாசலம் கூடத்தில் முன்பு பகுத்த நான்கு செலவுகளும் எவ்வாறு குறைக்கப்படுகின்றன என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். வணிகர் பலர் ஓரிடத்தில் திரள்வதால் தேடல் செலவு குறைகிறது. பொது எடைமேடையும், குவியலை நேரில் பார்க்கும் வாய்ப்பும் அறிதல் செலவைக் குறைக்கின்றன. ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாமல் சீட்டில் எழுதப்படும் மறைமுக ஏலம், வணிகர்கள் கூடிப்பேசி விலையை அழுத்துவதைக் கடினமாக்குகிறது. விலை ஒவ்வாவிட்டால் விற்க மறுக்கும் உரிமையும் உழவருக்கு உண்டு. பணம் பட்டுவாடாவுக்கு அலுவலகம் பொறுப்பேற்பதால் நிறைவேற்றச் செலவு தணிகிறது. இவற்றுக்கு ஈடாக வசூலிக்கப்படும் சந்தைக் கட்டணத்தை வாங்கும் வணிகரே செலுத்துகிறார். எனினும், அவர் கேட்கும் விலையில் அதையும் கணக்கிட்டே கேட்பார் என்பதால், யார் கையால் செலுத்தப்படுகிறது என்பதும் யார் மேல் சுமை விழுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று மாணவர் பிரித்தறிய வேண்டும்.

விற்பனைக்கூடத்தின் கிடங்கும் இவ்வகையில் முக்கியமானது. அறுவடைக் காலத்தில் வரத்து பெருகி விலை சரியும்போது, கடனை அடைக்க உடனே விற்றாக வேண்டிய நெருக்கடியே உழவரின் பேரம் பேசும் வலிமையைக் குலைக்கிறது. சரக்கைக் கிடங்கில் 180 நாள் வரை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறும் ஏற்பாடு, காத்திருப்பதற்கான செலவைத் தாங்கத்தக்கதாக ஆக்குகிறது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே விளைச்சலைக் கொடுத்தாக வேண்டிய கட்டு உள்ள இடத்தில் இத்தகைய கடன் வசதி இல்லாவிட்டால், எத்தனை வணிகர் ஏலத்துக்கு வந்தாலும் அந்த உழவருக்குச் சந்தை என்பது ஒரே ஒருவர்தான்.

தரத்தை அறிவதற்கான செலவு தனியே ஆராயத்தக்கது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டி, விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத நிலையில் நல்ல பொருள்கள் சந்தையை விட்டே விலகிவிடும் என்று நிறுவினார். அதை மணிலாவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஈரப்பதத்தையும் உடைத்தால் தேறும் பருப்பின் அளவையும் அறிய முடியாத வணிகர் எல்லாக் குவியலுக்கும் சராசரி விலையே கேட்பார். அப்போது நன்றாகக் காயவைத்தவருக்குத் தம் உழைப்புக்கான கூலி கிடைக்காது. அடுத்த பருவத்தில் அவரும் அரைகுறையாகக் காயவைத்தே கொண்டுவருவார். வட்டாரத்துச் சரக்கின் பெயரே கெடும். எனவே, ஈரப்பதமானிக்கும் தரப்பரிசோதனைக்கும் ஆகும் செலவு வீண் செலவாகாது. 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட மின்னணு தேசிய வேளாண் சந்தையான இ-நாம், தொலைவில் உள்ள வணிகரும் இணையம் வழியே விலை கேட்க வழிவகுத்திருக்கிறது. ஆனால், குவியலைக் கண்ணால் காணாத ஒருவர் துணிந்து விலை கேட்க வேண்டுமானால், அவர் நம்பக்கூடிய தரச்சான்று முதலில் இருக்க வேண்டும். தேடல் செலவைக் கருவி குறைத்துவிடும். அறிதல் செலவைக் குறைக்க நேர்மையான பரிசோதனை நிலையமும் வேண்டும்.

தகவல் மலிவானால் சந்தையில் என்ன நேரும் என்பதற்குக் கேரளத்திலிருந்து தெளிவான சான்று உண்டு. 1997க்கும் 2001க்கும் இடையில் வடகேரளக் கடற்கரைக்குக் கைப்பேசி வந்தபோது மத்தி மீன் விலையில் நேர்ந்த மாற்றத்தை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன், தம் முடிவுகளை 2007இல் வெளியிட்டார். அதற்கு முன், ஒரு கரையில் மீன் விற்காமல் கடலில் கொட்டப்பட்ட அதே வேளையில் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கரையில் மீன் தட்டுப்பாடாக இருந்தது. கைப்பேசி வந்தபின், கடலிலிருந்தே விலை விசாரித்து எந்தக் கரைக்குச் செல்வது என்று மீனவர் முடிவெடுத்ததால், கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெருமளவு மறைந்தது. மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒருசேர நன்மை பெற்ற இந்நிகழ்வு, பரிவர்த்தனைச் செலவில் ஒரு பகுதி எவருக்கும் வருவாய் ஆகாத வெறும் இழப்பாகவே இருந்தது என்பதை மெய்ப்பிக்கிறது.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலும் இதே பாடத்தை வேறு வடிவில் கற்பிக்கிறது. அருகிலுள்ள நெய்வேலிப் பகுதியின் களிமண்ணும், பல திசைகளுக்கும் பாதை பிரியும் இரயில் சந்திப்பும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அமைந்த இந்நகரில், ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை, ஜாடி முதலியன சிறு பட்டறைகளில் உருவாகின்றன. ஒரு சிறு பட்டறை தனக்கெனச் சூளை கட்டுவதா, அல்லது கூலி கொடுத்துப் பிறர் சூளையில் சுட்டுப் பெறுவதா என்பது கோஸ் எழுப்பிய கேள்வியின் நேரடி வடிவம். கூலிக்குச் சுடும்போது முறைக்காகக் காத்திருக்க வேண்டும். விரிசல் கண்டால் அது மண்ணின் குறையா சூட்டின் குறையா என்ற வழக்கு எழும். சொந்தச் சூளையில் இவ்வழக்குகள் இல்லை. ஆனால் சரக்கு குறைந்த மாதங்களிலும் அச்சூளையில் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். ஒரே ஒரு வாடிக்கையாளரின் அளவுக்கென்றே பட்டறை தனி அச்சு செய்துவிட்டால், வேறு எவருக்கும் பயன்படாத அம்முதலீட்டைக் காட்டி அவ்வாடிக்கையாளர் விலையைக் குறைத்துக் கேட்க இடமுண்டாகிறது என்பது வில்லியம்சன் விரித்துரைத்த கருத்து. அச்சுக்கான செலவை முன்பணமாகப் பெற்றுக்கொள்வதும், குறைந்தபட்சக் கொள்முதல் அளவை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் அதற்கான காப்பு.

சிறு பட்டறைகளை மிகவும் வருத்தும் பரிவர்த்தனைச் செலவு, விற்ற சரக்குக்குப் பணம் காலந்தாழ்ந்து வருவதாகும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய தொகையை வாங்குபவர் ஒப்பந்தப்படி, எப்படியாயினும் 45 நாளுக்கு மேற்படாமல், செலுத்த வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேர்த்துத் தர வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பல பட்டறைகள் முறையிடத் தயங்குவதற்குக் காரணம், முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சமே. அந்த அச்சமும் நிறைவேற்றச் செலவின் ஒரு பகுதிதான். பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட விற்பனைப் பட்டியலை வங்கிகள் இணையத்தில் ஏலம் கேட்டு, வட்டி கழித்து உடனே பணம் தரும் டிரெட்ஸ் தளங்கள் 2017 முதல் செயல்படுவது, அச்செலவை வழக்கின்றிக் குறைக்கும் நவீன வழியாகும்.

சட்டமும் நீதிமன்றமும் எளிதில் எட்டாத காலத்திலும் தமிழ் வணிகர் கடல் கடந்து வாணிகம் செய்தனர் என்றால், நம்பிக்கை அப்பணியை ஆற்றியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டு மூலம் பணத்தை மாற்றினர். நடப்பு வட்டி என்ற பொது விகிதத்தைக் கூடிப்பேசி அறிவித்ததால், ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியே பேரம் பேசும் செலவு மிச்சமாயிற்று. ஒன்பது நகரக்கோயில்களைச் சார்ந்த உறவுக்கட்டில் ஒருவர் வாக்குத் தவறினால் செய்தி எங்கும் பரவும் என்பதே பிணையாக நின்றது. இத்தகைய நம்பிக்கை மிக மலிவான காவல். ஆனால் அதன் பயன் உறவு வட்டத்துக்குள் இருப்பவருக்கே கிடைக்கும். வட்டத்துக்கு வெளியே உள்ளவரும் அஞ்சாமல் வாணிகம் செய்ய வேண்டுமானால், முகம் அறியாதவருக்கும் பொதுவான விதியும் அமைப்பும் தேவைப்படுகின்றன. பங்குச் சந்தையின் வரலாறு பெரும்பாலும் அத்தகைய அமைப்பைக் கட்டிய வரலாறே.

1990களின் தொடக்கம் வரை இந்தியாவில் பங்கு என்பது காகிதச் சான்றிதழ். கையொப்பம் பொருந்தவில்லை என்று திரும்பி வருவதும், அஞ்சலில் தொலைவதும், போலி புகுவதும் வழக்கமாக இருந்தன. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரை வழி வர்த்தகத்தைத் தொடங்கியதும், நாட்டின் எந்த ஊரிலிருந்து கேட்டாலும் சிறந்த விலைக்கே முதலிடம் என்ற நிலை உருவாகித் தேடல் செலவு சரிந்தது. 1996ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டத்தால் பங்குகள் மின்னணுப் பதிவுகளாக மாறியபோது, சான்றிதழைச் சோதிக்கும் செலவு மறைந்தது. தீர்வு நிறுவனம் இரு தரப்புக்கும் நடுவே நின்று பணத்துக்கும் பங்குக்கும் உத்தரவாதம் அளித்ததால், எதிர்த்தரப்பு யார் என்று அறிய வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று. கணக்குத் தீர்க்கும் காலம் 2002 ஏப்ரலில் மூன்று வேலை நாளாகவும், 2003 ஏப்ரலில் இரண்டாகவும், 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே வேலை நாளாகவும் குறைந்தது. அமெரிக்கா இந்நிலையை 2024 மே மாதத்தில்தான் எட்டியது. செலவு குறைந்த இடத்துக்கே வணிகம் பெயரும் என்பதற்கு எதிர்ப்புறச் சான்றும் உண்டு: 1937இல் நிறுவப்பட்ட சென்னைப் பங்குச் சந்தை, தன் வணிகம் முழுவதும் மும்பையின் திரைக்குச் சென்றுவிட்ட நிலையில், 2015இல் செபியின் ஒப்புதலோடு சந்தைப் பணியிலிருந்து விலகியது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் மைய அரசின் வாரியமே செபி எனப்படுவது.

இன்று பங்கு வாங்குபவர் செலுத்தும் செலவில் கண்ணுக்குத் தெரிவன சில, தெரியாதன சில. பங்கைத் தம் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும் வகை வர்த்தகத்தில், 2004இல் அறிமுகமான பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதமும் விற்கும்போது 0.1 சதவீதமும் ஆகும். 2020 ஜூலை முதல் நாடெங்கும் ஒரே சீராக்கப்பட்ட முத்திரைத் தீர்வை வாங்கும்போது 0.015 சதவீதம், இவற்றோடு சந்தைக் கட்டணமும், தரகுக் கட்டணமும், அவற்றின் மீதான 18 சதவீதச் சரக்கு, சேவை வரியும் சேரும். கண்ணுக்குத் தெரியாத செலவு விலை இடைவெளி: எந்த நொடியிலும் வாங்க வந்தவர் கேட்கும் விலை சற்றுக் குறைவாகவும் விற்க வந்தவர் சொல்லும் விலை சற்று உயர்வாகவும் இருப்பதால், உடனே வாங்கி உடனே விற்பவர் அந்த வேறுபாட்டை இழக்கிறார். பெருந்தொகைக்கு வாங்கும்போது அவ்வாங்குதலே விலையை உயர்த்திவிடுவது தாக்கச் செலவு எனப்படும். நிஃப்டி 50 குறியீட்டில் இடம்பெற ஒரு பங்குக்கு, பத்துக் கோடி ரூபாய் அளவிலான தொகுப்பு வர்த்தகத்தில் சராசரித் தாக்கச் செலவு 0.50 சதவீதத்துக்கு மேற்படாமை ஒரு தகுதியாக வைக்கப்பட்டிருப்பதே இச்செலவின் முதன்மையைக் காட்டும்.

தரகுக் கட்டணம் இல்லை என்ற விளம்பரத்தை நம்பி ஒருவர் ஒரு லட்ச ரூபாய்க்கு நூறு ரூபாய்ப் பங்குகளை வாங்கி விற்பதாகக் கொள்ளலாம். பரிவர்த்தனை வரி இருமுறையும் சேர்ந்து 200, முத்திரைத் தீர்வை 15, பங்கொன்றுக்கு 20 காசு விலை இடைவெளியால் 200 என ஒரு சுற்றுக்கு 415 ரூபாய் ஆகிறது. ஒருமுறை வாங்கிப் பத்தாண்டு வைத்திருப்பவருக்கு இது பொருட்படுத்தத்தக்க தொகையன்று. மாதம் ஒருமுறை இதையே செய்பவருக்கு ஆண்டுக்கு 4,980 ரூபாய், அதாவது போட்ட தொகையில் ஏறத்தாழ 5 சதவீதம், இலாப நட்டம் எதுவாயினும் முதலில் கழிந்துவிடுகிறது. ஒரு பரிவர்த்தனையின் செலவு குறைந்துவிட்டது என்பதும், ஒருவர் செலுத்தும் மொத்தச் செலவு குறைந்துவிட்டது என்பதும் வேறு வேறு. செலவு மலிவாகும்போது பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை பெருகி, மொத்தம் முன்னைவிட மிகுந்துவிடக்கூடும்.

இந்த உண்மை, எதிர்காலத் தேதிக்கான விலையின் மீது பந்தயம் போல் வளர்ந்துவிட்ட முன்பேர, தெரிவு ஒப்பந்தச் சந்தையில் பெரும் துயரமாக வெளிப்பட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இச்சந்தையில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். தனிநபர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. தரகு, வரி, கட்டணம் ஆகிய பரிவர்த்தனைச் செலவுக்கென்றே அவர்கள் அம்மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் செலுத்தியிருந்தனர். சிற்றூர்களிலும் கைப்பேசி வழியே இச்சந்தை எட்டிவிட்ட நிலையில், படிக்கும் வயதினர் இவ்வெண்களை மனத்தில் இருத்திக்கொள்வது இன்றியமையாதது. வெல்பவர் பெறுவதும் தோற்பவர் இழப்பதும் சமமாக உள்ள ஒரு களத்தில், ஒவ்வொரு சுற்றிலும் செலவு கழிந்துகொண்டே இருந்தால், களத்தில் உள்ளோரின் மொத்தக் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

அவ்வாறாயின், வர்த்தகத்தைக் குறைக்க வரியை உயர்த்திவிடலாமா என்ற கேள்வி எழும். அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனை மீது சிறு வரி விதித்து ஊக வணிகத்தின் வேகத்தைத் தணிக்கலாம் என்று ஜேம்ஸ் டோபின் 1972இல் முன்மொழிந்தார். சுவீடன் 1984இல் பங்குப் பரிவர்த்தனை வரியை விதித்து 1986இல் அதை இரட்டிப்பாக்கியபோது, அந்நாட்டுப் பங்குகளின் வர்த்தகத்தில் பெரும்பகுதி லண்டனுக்குப் பெயர்ந்துவிட்டதால், 1991இல் அவ்வரி கைவிடப்பட்டது. இந்தியாவில் அரசு 2024 அக்டோபர் 1 முதல் முன்பேர ஒப்பந்தங்களின் மீதான வரியை 0.0125 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகவும், தெரிவு ஒப்பந்தங்களின் மீதான வரியை 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகவும் உயர்த்தியது. செலவை எந்த அளவில் வைத்தால் தேவையான வணிகம் தடைபடாமலும் தேவையற்ற வணிகம் பெருகாமலும் இருக்கும் என்பது ஒவ்வொரு சந்தைக்கும் தனியே ஆராய்ந்து காண வேண்டியது. மணிலா விற்பவருக்கு விற்காமல் இருக்க வழியில்லை. அவருக்கான செலவைக் குறைப்பது அறம். வாராந்திரத் தெரிவு ஒப்பந்தத்தில் பணம் கட்டுபவருக்குக் கட்டாமல் இருக்க எல்லா வழியும் உண்டு. அவர் முன் ஒரு தடை இருப்பது அவருக்கே நன்மையாக அமையலாம்.

எனவே, எந்தப் பரிவர்த்தனையிலும் இறங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணும் பழக்கத்தை இளையவர் மேற்கொள்ள வேண்டும். விலையைத் தவிர்த்து இதற்கு முழுச் செலவு எவ்வளவு, அதில் மாறாத பகுதி எது என்பது முதற்கேள்வி. அச்செலவு எதை வாங்கித் தருகிறது, சரியான எடையையா, தரச்சான்றையா, பண உறுதியையா, அல்லது எதையுமே வாங்கித் தராமல் வெறுமனே கழிகிறதா என்பது இரண்டாவது. அதைச் செலுத்துபவர் யார், உண்மையில் சுமப்பவர் யார் என்பது மூன்றாவது. பரஸ்பர நிதியில் முதலீடு செய்பவருக்கும் இக்கேள்விகள் பொருந்தும். இடைத்தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு நிதியிலும் கிடைக்கின்றன என்பதும், ஆலோசனை தேவைப்படாதவர் ஆண்டுதோறும் செலுத்தும் அக்கமிஷனை மிச்சப்படுத்தலாம் என்பதும் பலருக்கு இன்னும் தெரியாமல் இருக்கிறது.

கற்றவருக்கு இதில் ஒரு பொறுப்பும் உண்டு. ஊரில் நால்வரின் மூட்டைகளை ஒரே வண்டியில் சேர்க்க முன்வருபவரும், விருத்தாசலத்தின் அன்றைய ஏல விலையை ஊராருக்கு நாள்தோறும் அறிவிப்பவரும், பீங்கான் பட்டறைக்கு 45 நாள் விதியை எடுத்துச் சொல்லி விற்பனைப் பட்டியலை முறையாக எழுதக் கற்றுத்தருபவரும், புதிதாக எதையும் விளைவிக்காமலேயே ஊரின் வருமானத்தை உயர்த்துகின்றனர். அதற்கான தொடக்கம் ஒரு கணக்கேடு. வரும் பருவத்தில் வீட்டுச் சரக்கு விற்கும்போது வாங்கியவர் கொடுத்த விலையை ஒரு பத்தியிலும், கையில் நின்ற வரவை மறு பத்தியிலும், இடையில் கழிந்தவற்றைப் பெயர் பெயராக மூன்றாவது பத்தியிலும் எழுதி வைக்க வேண்டும். அந்த மூன்றாவது பத்தியில் எவ்வெவற்றைக் குறைக்க இயலும் என்று அடுத்த பருவத்துக்குள் வழி காண்பவர், பட்டம் பெறுமுன்னரே வணிகவியலில் தேர்ந்தவர் ஆவார்.

நல்வாழ்த்துகளுடன்,
இளையோர் நலம் விழையும் கட்டுரையாளர்